வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்கு: தாய்ப்பால் எடுத்து வைப்பதும் குழந்தையைப் பாட்டிலுக்குப் பழக்குவதும்

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முந்தைய புதன்கிழமை காலையில்தான் ஃபீடிங் பாட்டிலை முதல்முறையாக என் மகள் வாயில் வைத்தேன். நாக்கால் நிப்பிளைத் தள்ளினாள். பால் கன்னத்தில் வழிந்து கழுத்து மடிப்புக்குள் இறங்கியது. மறுபடி வைத்தேன், முதுகை வில்லாக வளைத்து, முகம் சிவக்கக் கத்தினாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எடுத்த 60 மில்லி பால் துண்டில் போயிற்று. வெள்ளிக்கிழமை வரை இதே கதைதான். அவளும் அழுதாள், நானும் அழுதேன், என் அம்மா இரண்டு பேரையும் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

எனக்குப் பால் போதாமல் இல்லை, நாள்தான் போதவில்லை. மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. நீங்களாவது நேரத்தோடு ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கானது இது. குறைமாதத்தில் பிறந்த, உடம்பு சரியில்லாத குழந்தை என்றால் பால் எடுப்பது, வைப்பது, கொடுப்பது எல்லாவற்றுக்கும் உங்கள் குழந்தை மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். 26 வாரம் என்றதும் "குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை வீட்டில்தான்" என்று மனசு கணக்குப் போட்டுவிடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிரசவத்துக்கு முன்பே எடுக்கும் விடுப்பும் இதே 26 வாரத்துக்குள்தான் வருகிறது. முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அப்படி எடுத்தால் நீங்கள் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரம், அதாவது நான்கு மாதம்தான் முடிந்திருக்கும். கால் வீக்கத்தால் நான் 6 வாரம் முன்னாலேயே எடுத்திருந்தேன். மகளுக்கு நாலரை மாதம் ஆகும்போது வேலைக்குப் போக வேண்டி வந்தது.

இந்த வித்தியாசம் சின்னது இல்லை. 6 மாதக் குழந்தை கூழ், மசித்த பருப்புசாதம் என்று ஆரம்பித்துவிடும். நான்கு மாதக் குழந்தைக்குப் பாலைத் தவிர வேறு எதுவும் கிடையாது, தண்ணீர்கூடக் கூடாது. நீங்கள் இல்லாத ஒன்பது பத்து மணி நேரத்துக்கும் எடுத்து வைத்த பால் மட்டும்தான்.

தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. அவர்களுக்குப் பாட்டிலே தேவைப்படாது. நேராக டம்ளருக்குப் போய்விடலாம்.

சரி, வேலைக்குத் திரும்பும் தேதியை காலண்டரில் வட்டம் போடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு வாரம் முன்னால்: அலுவலகத்தில் கேட்க வேண்டியதைக் கேட்பது, பம்ப் வாங்குவது. நான்கு வாரம் முன்னால்: தினம் ஒருமுறை பால் எடுக்க ஆரம்பிப்பது. மூன்று வாரம் முன்னால்: பாட்டிலோ சங்கோ பழக்குவது. கடைசி வாரம்: இரண்டு நாளாவது ஒத்திகை. ஆனால் எவ்வளவு அவசரம் என்றாலும், குழந்தைக்கு நான்கு வாரம் ஆகி, நேரடியாகக் குடிப்பது நன்றாகப் படிந்த பிறகுதான் பாட்டில். அதற்கு முன்னால் பாட்டில் வந்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறைந்து, சுரப்பும் குறைய வாய்ப்பு இருக்கிறது.

2. அலுவலகத்தில் வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான சாப்பாட்டு இடைவேளை போக, ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உங்களுக்குச் சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அம்மாவை அனுமதிக்க வேண்டும். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். திரும்பும் தேதி, குழந்தையின் பிறந்த தேதி, தினம் எத்தனை மணிக்குப் பால் எடுக்க வேண்டும், என்ன வசதி வேண்டும் என்று எழுதுங்கள். வசதி என்றால் உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், கை கழுவப் பக்கத்தில் குழாய், பாலை வைக்க ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. அவ்வளவுதான். கூடவே இணைக்க: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, பிறப்புச் சான்றிதழ், விடுப்பு அனுமதித்த கடிதம். பிறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக் கேளுங்கள், காத்திருக்க வேண்டாம்.

நான் தொலைபேசியில் கேட்டேன். "வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். முதல் நாள் போனபோது அறை இல்லை. கழிவறையில் நின்றுகொண்டு எடுத்தேன். இரண்டாம் நாள் மின்னஞ்சல் போட்டேன். நான்காம் நாள் பழைய கோப்புகள் அடுக்கியிருந்த அறைக்குத் தாழ்ப்பாள் மாட்டிக் கொடுத்தார்கள். கழிவறையில் பால் எடுக்க ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாதீர்கள். அது குழந்தையின் சாப்பாடு.

3. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

வாரத்துக்கு ஓரிரு முறைதான் வெளியே போவீர்கள் என்றால் கைப்பம்பே போதும். தினமும் வேலைக்குப் போவதென்றால் மின்சார பம்ப், முடிந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுப்பது. நான் பார்த்தபோது கைப்பம்ப் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஒரு பக்க மின்சார பம்ப் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். இரட்டைப் பம்ப் ஐந்தாயிரத்துக்கு மேல். பால் சேமிக்கும் பைகள், இரண்டு பாட்டில், ஐஸ் பேக்குடன் ஒரு கூலர் பை எல்லாம் சேர்த்து இன்னொரு ஆயிரத்தைந்நூறு ஆனது.

இதில் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. மார்பில் வைக்கும் புனல் போன்ற பகுதிக்கு ஃபிளேன்ஜ் என்று பெயர். நிறைய பம்புகளோடு 24 மில்லிமீட்டர் அளவுதான் வரும். எல்லாருக்கும் அது பொருந்தாது. காம்பு புனலின் குழாய்க்குள் உரசாமல் போய்வர வேண்டும். சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபடக் கூடாது. எனக்கு வலித்தது, பாலும் சரியாக வரவில்லை. பம்ப் மட்டம் என்று நினைத்து வேறு ஒன்று வாங்கப் போனேன். கடைசியில் தேவைப்பட்டது 21 மில்லிமீட்டர் ஃபிளேன்ஜ் மட்டும்தான். முதலில் காம்பின் குறுக்களவை ஸ்கேலால் அளந்து பாருங்கள். திறந்த பம்பைக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை என்பதால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே வேறு அளவு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோழி பயன்படுத்திய பம்பை வாங்குவதாக இருந்தால், பால் மோட்டாருக்குள் போகாதபடி மூடிய அமைப்பாக இருக்க வேண்டும். பால் படும் பாகங்கள் எல்லாம் புதிதாக வாங்கியாக வேண்டும்.

பாட்டிலில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். நிப்பிளில், பால் மிக மெதுவாக வருவது எதுவோ அதை வாங்குங்கள்.

4. முதலில் கையால் எடுக்கப் பழகுங்கள்

பம்ப் வாங்கியிருந்தாலும் இதைப் பழகியே ஆக வேண்டும். கரண்ட் போகும், சார்ஜ் தீரும், ஒரு ரப்பர் வால்வை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போவீர்கள். கை மறந்துபோகாது.

கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் ஒரு நிமிடம் வையுங்கள். விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தடவிவிடுங்கள். கட்டை விரலைக் காம்புக்கு மேலேயும் ஆட்காட்டி விரலைக் கீழேயும், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட்டுவிடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. குழந்தை குடிக்கும் அதே தாளம். தோலின் மேல் விரலை வழுக்கி இழுக்காதீர்கள், காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். முதல் ஒரு நிமிடம் சொட்டுதான் வரும். அப்புறம் பீய்ச்சும். பீய்ச்சல் குறைந்ததும் விரல்களைக் கடிகார முள் போல நகர்த்தி வேறு இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி 20, 30 நிமிடம்.

பம்பில், வேகமாகவும் லேசாகவும் இழுக்கும் நிலையில் ஆரம்பித்து, பால் வர ஆரம்பித்ததும் மெதுவான, ஆழமான நிலைக்கு மாற்றுங்கள். இழுவையை உச்சத்தில் வைத்தால் நிறைய வரும் என்பது தவறு. வலித்தால் பால் இறங்காது. இரண்டு பக்கமும் சேர்த்து 15, 20 நிமிடம் போதும். குழந்தையின் படமோ, அவள் சட்டையோ கையில் இருந்தால் பால் இறங்குவது எனக்கு நிஜமாகவே வேகமானது.

காலை முதல் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். நிறைய பேருக்கு அப்போதுதான் அதிகம் வரும். முதல் வாரம் 20, 30 மில்லி வந்தால் மனசு விடாதீர்கள். அது குழந்தை குடித்து முடித்த பிறகு மிஞ்சியது. பம்பில் வருவதை வைத்து "எனக்குப் பால் இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள்; குழந்தை இழுப்பது போல எந்தப் பம்பும் இழுக்காது.

5. எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்

ஒரு மாதம் முதல் 6 மாதம் வரை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். மாதம் ஏற ஏற இது பெரிதாக ஏறாது. நீங்கள் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மணி நேரம் என்றால் 300 முதல் 450 மில்லி. ஒரு வேளைக்கு 60 முதல் 120 மில்லி.

ஃபிரீசர் நிறையப் பால் அடுக்கிய படங்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முதல் நாளைக்கான பாலும், சிந்தினால் ஈடுகட்ட இன்னும் ஒரு நாள் பாலும் இருந்தால் போதும். அப்புறம் திங்கள் அலுவலகத்தில் எடுப்பது செவ்வாய்க்கு, செவ்வாய் எடுப்பது புதனுக்கு. வெள்ளிக்கிழமை எடுப்பது ஃபிரிட்ஜிலேயே இருந்து திங்கட்கிழமைக்கு ஆகும்.

6. பாலை வைப்பதும் எடுப்பதும்

25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம். எங்கள் ஊர் வெயிலில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? ஆகவே எடுத்த உடனே ஃபிரிட்ஜுக்கு. ஃபிரிட்ஜில் 4 நாள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். தனிக் கதவுள்ள ஃபிரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன ஃபிரீசர் பெட்டி என்றால் இரண்டு வாரம்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது, ஆனால் பையில் அச்சிட்டிருக்கும் 6 மாதக் கணக்கைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். உறைந்த ஐஸ் பேக்குகளோடு கூலர் பையில் 24 மணி நேரம். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நெரிசலிலும் வந்து சேர்ந்துவிடலாம்.

ஒரு பையில் 60 மில்லிக்கு மேல் வேண்டாம். உறையும்போது விரியும், மேலே இடம் விடுங்கள். தேதியை எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள். புதிதாக எடுத்த சூடான பாலை, குளிர்ந்த பாலோடு அப்படியே ஊற்றாமல் தனியாகக் குளிரவைத்துச் சேருங்கள்.

உறைந்த பாலை முந்தின இரவே ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்குங்கள். முழுக்க உருகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. சூடாக்க, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதில் பாட்டிலை நிறுத்துங்கள். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருந்து வாயைச் சுட்டுவிடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்கப்புறம் கொட்டிவிட வேண்டும்.

வைத்த பால் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். கெட்டுப்போகவில்லை, கொழுப்பு மேலே மிதக்கிறது. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். என் மாமியார் இதைப் பார்த்து "திரிஞ்சுபோச்சு" என்று ஒருநாள் முழுப் பாலையும் செடிக்கு ஊற்றிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நான் முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும். சிலருக்கு வைத்த பாலில் சோப்பு வாடை வரும். பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதிதான் காரணம். குழந்தை குடித்தால் கொடுக்கலாம். குடிக்க மறுத்தால், அடுத்த முறை எடுத்ததும் ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, உடனே ஆறவைத்து, பிறகு உறையவையுங்கள்.

பாட்டில், நிப்பிள், பம்ப் பாகங்களை ஒவ்வொரு முறையும் பிரித்து, சிங்க்கில் போடாமல் தனிப் பாத்திரத்தில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தினம் ஒருமுறை முழுகத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிடுங்கள். துணியால் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள்.

7. பாட்டில்தான் வேண்டுமா?

குழந்தை மருத்துவர்கள் பலர் பாட்டில் என்றாலே முகம் சுளிப்பார்கள். சரியாகக் கழுவாத பாட்டிலால் வயிற்றுப்போக்கு வருவதைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். ஃபீடிங் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதே 1992 சட்டப்படி இந்தியாவில் தடை. பால் கொடுக்கப்போகிறவர் வீட்டிலேயே இருக்கும் பாட்டி, அவருக்குப் பொறுமை உண்டு என்றால் சங்கையோ பாலாடையையோ யோசியுங்கள். கழுவுவது சுலபம், மூலை முடுக்கு இல்லை. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, சங்கின் நுனியைக் கீழ் உதட்டோரம் வைத்து, அவளே உறிஞ்சிக்கொள்ளும்படி சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது, படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது.

காப்பகத்தில் விடுவதென்றால், ஒருவர் நான்கு குழந்தையைப் பார்க்கும் இடத்தில் சங்குக்கு நேரம் இருக்காது. அங்கே பாட்டில்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

8. பாட்டிலைப் பழக்குவது

நீங்கள் கொடுக்காதீர்கள். அம்மாவின் வாசனை பக்கத்தில் இருக்கும்போது அவள் ஏன் ரப்பரைச் சப்ப வேண்டும்? பகலில் யார் கொடுக்கப்போகிறாரோ அவரே கொடுக்கட்டும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டை மாடிக்கோ கடைக்கோ போய்விடுங்கள். அடுத்த அறையில் இருந்தால் போதாது, என் மகள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

அகோரப் பசியில் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். கடைசியாகக் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆகி, விழித்து, சிரித்துக்கொண்டிருக்கும் நேரம் நல்ல நேரம். 30 மில்லி மட்டும் எடுங்கள். நிப்பிளை வெந்நீரில் நனைத்து இளஞ்சூடாக்குங்கள். குழந்தையை ஏறக்குறைய உட்காரவைத்த மாதிரி பிடித்து, நிப்பிளால் மேலுதட்டைத் தொடுங்கள். அவளாக வாயைத் திறக்கட்டும். பாட்டிலைக் கவிழ்க்காமல் படுக்கை வாக்கில் பிடியுங்கள்; நிப்பிளில் பாதி வரை பால் நின்றால் போதும். நாலைந்து முறை விழுங்கியதும் பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு விடக் கொடுங்கள். இப்படிக் கொடுத்தால் ஒரு வேளைக்கு 15, 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் காலி செய்தால் வேகம் அதிகம் என்று பொருள். முகத்தைத் திருப்பினால் முடிந்தது, மிச்சம் இருக்கிறதே என்று ஊட்டாதீர்கள். பிறகு தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள்.

10 நிமிடம் முயன்றும் அழுதால் நிறுத்திவிடுங்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை காட்டிவிட்டு, அடுத்த நாள். அழும் வாயில் திணித்தால், அடுத்த முறை பாட்டிலைக் கண்டாலே அழும். நான் புதன் முதல் வெள்ளி வரை செய்த தப்பு இதுதான்.

மறுத்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: வேறு வடிவ நிப்பிள், நடந்துகொண்டே கொடுப்பது, வெளியே பார்த்த மாதிரி மடியில் வைத்துக் கொடுப்பது, தூக்கக் கலக்கத்தில் கொடுப்பது. எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்: சனிக்கிழமை நான் வெளியே போன பிறகு, என் அம்மா என் பழைய நைட்டியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பால்கனியில் நின்று, எதிர்வீட்டு வேப்பமரத்துக் காக்கையைக் காட்டிக்கொண்டே கொடுத்திருக்கிறார். அவள் நைட்டியின் ஓரத்தை முறுக்கிப் பிடித்தபடி 20 மில்லி குடித்தாள். ஞாயிறு 50.

நிப்பிளில் தேன் தடவிக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி சின்னக் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், பாலோடு தண்ணீர் கலப்பதும் வேண்டாம்.

9. முதல் வாரம்

கிளம்புவதற்கு முன்னும், வந்த உடனும் நேரடியாகக் கொடுங்கள். இடையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். எனக்கு 11, 1.30, 4.30. மீட்டிங் நடக்கிறதே என்று ஒருமுறை தள்ளினேன், மாலைக்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, இரவு காய்ச்சல். பால் கட்டினால் அழுத்தித் தேய்க்காதீர்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, குழந்தையைக் குடிக்கவிடுங்கள். ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை: பம்ப், பாகங்கள் இரண்டு செட், சார்ஜர், கூலர் பை, ஐஸ் பேக், பேனா, ஒரு துண்டு, மாற்றுச் சட்டை. வெளியூர் போனால், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. கைப்பம்போடு போனால் அங்கே உட்கார்ந்து எடுக்கலாம்.

முதல் வாரம் பகலில் என் மகள் 150 மில்லிக்கு மேல் குடிக்கவில்லை. பயந்துபோய் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். தினம் ஆறு முறையாவது சிறுநீர் போகிறாளா, எடை ஏறுகிறதா என்று கேட்டார். இரண்டும் சரியாக இருந்தது. பகலில் விட்டதை அவள் இரவில் குடித்துக்கொண்டிருந்தாள். 11 மணி, 2 மணி, 4 மணி. அந்த வாரங்களில் வீட்டில் இருப்பவர்களிடம் காலைச் சமையலை ஒப்படைத்துவிட்டு, குழந்தை பக்கத்திலேயே படுத்துத் தூங்குங்கள்.